எலிகளுக்குப் போட்ட இரைச்சல்

டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரியாது. மாத்திரை எழுதித் தரவும் தெரியாது. சொந்தக்காரர்களில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். "நான் அந்த டாக்டர் இல்லை" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லப் பழகிவிட்டாள். அவள் படித்தது, உழைத்தது, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒரேயடியாக மறந்துபோனது எல்லாம் ஒரு மெல்லிய தோலுக்காக. கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற விழித்திரைதான் அது. அதில் வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் எப்படிப் பிறக்கின்றன, பிறந்தவை பக்கத்து நரம்புச் செல்லை எப்படித் தேடிப் போய்த் தொடுகின்றன என்பதைத்தான் அவள் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில குடும்பங்களில் அந்தச் செல்கள் பரம்பரையாகச் செத்துக்கொண்டே வரும். முதலில் இரவுப் பார்வை போகும். அப்புறம் ஓரங்கள். கடைசியில் சாவித் துவாரம் அளவுக்கு நடுவில் ஒரு துளி மிஞ்சும். பிறகு அதுவும் இல்லை. மருந்து கிடையாது. செத்ததை எழுப்ப முடியாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும்; அதனால் அவள் புதிதாக வளர்க்கப் பார்த்தாள். கருவுக்குள் விழித்திரை எந்த வரிசையில் உருவாகிறதோ அதே வரிசையில், கண்ணாடித் தட்டில், எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களைத் தாஜா பண்ணி, மிரட்டி, பட்டினி போட்டு, ஊட்டிவிட்டு வளர்த்தாள். பெற்ற பிள்ளையை யாரும் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க மாட்டார்கள். ஒருநாள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஒரு செல்லிலிருந்து நூல் மாதிரி ஒன்று கிளம்பி, தடவித் தடவி, பக்கத்து நரம்புச் செல்லைத் தொட்டது. டாக்டரம்மா அழுதுவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குருட்டு எலிகளின் கண்ணில் அந்தச் செல்களை வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் வந்தால் எலிகள் ஓடிவந்து கம்பியை அழுத்தக் கற்றுக்கொண்டன. பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது, மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள், மனிதர்களுக்கு வைத்துப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் கறாரான விதிகளோடு. பார்வை அடியோடு போன கண்ணில்தான் முதலில் வைக்க வேண்டும். அது தேறினால்தான் மிச்சப் பார்வை இருக்கிற மறு கண். அதுவும் தேறினால்தான் அடுத்த குழு, அதாவது நோய் இன்னும் முற்றாத இளவயதுக்காரர்கள். முதல் குழுவில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் சிலர்தான். ஒருத்தரைத் தவிர அத்தனை பேரும் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வக்கீல் ஒருத்தர்தான் தெரிகிறது என்றார்.

வக்கீல் பார்வை போன பிறகும் கோர்ட்டை விடாதவர். ஜூனியர் படித்துக் காட்டுவார், இவர் வாதாடுவார். எதிராளி எழுந்திருக்கும்போது நாற்காலி போடுகிற சத்தத்தை வைத்தே அவன் பயந்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். சிகிச்சைக்குச் சம்மதம் வாங்க டாக்டரம்மா நீளமான தாளைப் படித்துக் காட்டியபோது, முழுக்கக் கேட்டுவிட்டு, இதில் நான் செத்தால் யார் மேல் கேஸ் போடுவது என்று எழுதவில்லையே என்று கேட்டார். லேபே சிரித்தது. அவர் வருகிற நாளில் ஆராய்ச்சி மாணவர்கள் வேலையைப் போட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்பார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. அவளுடைய உழைப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த மனுஷர்தான்.

அவரோடு எப்போதும் மகள் வருவாள். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. அவளுக்கும் அதே நோய். பொழுது சாய்ந்தால் படி தெரியாது, பக்கத்தில் வருகிற ஆள் தெரியாது. பகலில் மட்டும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் கோட்டின் ஒரு முனையைப் பார்த்தால் மறுமுனை காணாமல் போகிறது என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த குழுவின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. கண்ணில் செல்களை வைக்கிற சர்ஜன் அறுவைக் கூடத்துக்கு நாள்கூடக் குறித்து வைத்திருந்தார். வலது கண் தேறியதும் வக்கீலின் இடது கண்ணிலும் செல்களை வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணும் தேறிவிட்டது என்று இன்று காலைப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், மகளுக்கு வழி திறந்துவிடும்.

பரிசோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இருட்டறையில் ஒரு நாற்காலி, மோவாயை வைக்க ஒரு தாங்கி, எதிரே ஒரு பெட்டி. பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதன் முன்னால் ஒரு சின்னக் கதவு. 'இப்போது' என்று ஒரு குரல் சொல்லும். சில தடவை கதவு திறந்து வெளிச்சம் வரும். சில தடவை திறக்கவே திறக்காது. எப்போது திறக்கும் என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் ஒரு பொத்தான், தெரியாவிட்டால் இன்னொரு பொத்தான். வக்கீல் இன்றைக்கு வலது கண், இடது கண் இரண்டிலும் ஒன்றுகூடத் தப்பு விடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எவ்வளவு குறைத்தாலும் சரியாகச் சொன்னார். சர்ஜன் அவர் முதுகில் தட்டினார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. தீர்ப்பு எப்போது என்று கேட்டுவிட்டு வக்கீல் மகளோடு டீ குடிக்கப் போனார்.

எல்லாரும் போன பிறகு டாக்டரம்மாவுக்கு ஒரு ஆசை வந்தது. கடைசியாகக் காட்டிய வெளிச்சம் அவ்வளவு மங்கல். நல்ல கண்ணுக்கே தெரியுமா என்று அவளுக்குச் சந்தேகம். தான் வளர்த்த செல்கள் பார்த்ததைத் தானும் ஒரு தடவை பார்க்கலாமே என்று நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, கதவைத் திறக்கிற விசையை அமுக்கினாள்.

டக் என்றது. வெளிச்சம் தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் வக்கீலின் கண் தன் கண்ணைத் தோற்கடித்துவிட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒரு படி கூட்டினாள். டக். ஒன்றும் இல்லை. இன்னொரு படி. இன்னொன்று. கடைசியில் முழு வெளிச்சத்துக்குத் திருகிவிட்டு அமுக்கினாள். டக். இருட்டு அப்படியே இருந்தது. எழுந்து மின்விளக்கைப் போட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி, பல்பைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது; இப்போதுதான் அணைந்திருந்தால் சுட்டிருக்கும். உள்ளே இழை அறுந்து கறுத்துக் கிடந்தது.

காலை முழுக்க அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. வக்கீல் அத்தனையையும் சரியாகச் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெட்டி முதலில் எலிகளுக்காகச் செய்தது. எலிக்குக் காது ரொம்பக் கூர்மை. கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, பார்க்காமலே கம்பியை அழுத்தி நம் காதில் பூ சுற்றிவிடும் என்று அவளேதான் அதில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தினாள். மழை கொட்டுவது மாதிரி விடாமல் ஒரு இரைச்சல். அதில் டக் என்பது அமுங்கிப் போய்விடும். மனிதர்கள் வந்ததும் பெட்டியைப் பெரிதாகச் செய்தார்கள், ஸ்பீக்கரும் கூடவே வந்தது. மற்ற நோயாளிகள் எல்லாரும் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் உட்கார்ந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். வக்கீல் மட்டும் அந்தச் சனியன் மண்டையைக் குடைகிறது, கொஞ்சம் நிறுத்துங்களேன் என்றார். வயதில் பெரியவர், கண் தெரியாதவர், லேபையே சிரிக்க வைக்கிறவர். டாக்டரம்மா தானே எழுந்து போய் அதை அணைத்தாள். எலியை நம்பாதவள் வக்கீலை நம்பினாள். மரியாதை தெரிந்தவள் இல்லையா.

அவள் வெளியே போய், கருவியை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம்தான் என்று சொல்லி வக்கீலை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தாள். மகள் டீக் கோப்பையும் கையுமாக வெளியே உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொல்லிக்கொண்டே நாற்காலியில் அமர்ந்தார். அறுந்த பல்போடு பெட்டியை ஓடவிட்டாள். குரல் சொன்னது, டக் என்றது, அவர் தெரிகிறது என்று அழுத்தினார். குரல் சொன்னது, சத்தம் இல்லை, தெரியவில்லை என்று அழுத்தினார். மணி மணியாகச் செய்தார். டாக்டரம்மா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

அறை முழுக்க இரைச்சல் நிறைந்தது. குரல் 'இப்போது' என்றது. வக்கீலின் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் நின்றது. மறுபடியும் குரல் கூப்பிட்டது. விரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

டாக்டரம்மா இரைச்சலை நிறுத்தினாள். பல்பு போயிருக்கிறது, காலையிலிருந்து வெளிச்சமே வரவில்லை, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். அவர் மழுப்பவில்லை. முதல் நாளிலிருந்தே என்றார். வலது கண்ணில் எதையும் அவர் பார்க்கவில்லை. அது செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, பிணத்துக்கு வைத்தியம் பார்த்தால் அது எழுந்து உட்காருமா என்று அவரே திருப்பிக் கேட்டார். ஆனால் இடது கண்ணில் சாவித் துவாரம் மிச்சம் இருந்தது. உயிருள்ள கண்ணில் வைத்தால் கட்டாயம் பிடிக்கும் என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வலது தேறாமல் இடதைத் தொட மாட்டோம் என்று விதி சொன்னது. அதனால் வலது கண்ணைத் தேறவைத்தார். அவருக்குத் தெரிந்த தொழில் அதுதான், சாட்சியைத் தயார் பண்ணுவது.

"இடது?" என்று கேட்டாள் டாக்டரம்மா. பதில் தெரிந்தே கேட்டாள்.

"கட்டு அவுத்த அன்னிக்கே இருட்டு. வீக்கம் வடிஞ்சா தெரியும்னு சர்ஜன் சொன்னார். வடிஞ்சுது. தெரியல." அவர் குரலில் கிண்டல் இல்லை. "அதுல எம்பொண்ணு மூஞ்சியைத் துண்டு துண்டாப் பாத்துக்கிட்டிருந்தேன் டாக்டரம்மா. ஒரு தடவை கண்ணு, ஒரு தடவை மூக்கு. நானே சேத்துவெச்சுப்பேன்."

அந்தத் துளியைத் தொட வேண்டாம் என்றுதான் விதியையே எழுதினார்கள். அந்த விதியை இவர் தாண்டினார், டாக்டரம்மா ஸ்பீக்கரை அணைத்து வழிவிட்டாள். விழித்திரையைத் தூக்கி, அடியில் செல் தகட்டைச் செருகி, மறுபடி படுக்க வைக்கிறபோது அந்தத் துளி போயிருக்கிறது. அறுவைக்குப் பிறகும் ஏன் பொய்யைத் தொடர்ந்தீர்கள் என்று கேட்டாள்.

"அப்புறம் அது என் கேஸ் இல்லையே. எம்பொண்ணு கேஸ். நான் தெரியலன்னு சொன்னா நீங்க கடையை மூடிடுவீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பல்பு போனது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். மாத்திப் போட்டுடுங்க. அவளுக்குச் சின்ன வயசு. அவளுக்குப் பிடிக்கும்."

அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. அவளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இளம் எலிகளில் நூல்கள் நன்றாக ஓடின, நன்றாகப் பிடித்தன. கிழட்டுக் கண்ணில் நரம்புச் செல்கள் சோர்ந்து போயிருக்கும், இளம் கண்ணில் காத்துக்கொண்டிருக்கும். கூட்டங்களில் இதை எத்தனை தடவை படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஒரு பல்பு. மாற்ற இரண்டு நிமிஷம் ஆகாது. கை மாற்றுப் பல்பு இருந்த அலமாரிப் பக்கம் போகப் பார்த்ததை அவளே பார்த்தாள். பிறகு முடியாது என்றாள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி இன்றைக்கே எழுதப்போவதாகவும் சொன்னாள்.

வக்கீல் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். கோர்ட்டில் தோற்றுப்போனால் இப்படித்தான் இருப்பாரோ என்னவோ. பிறகு முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"ஒண்ணு கேக்கறேன். நானாவது குருடன், காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அந்த டக் உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டிருந்தது. டக் என்றதும் கம்ப்யூட்டர் திரையில் சரி என்கிற பச்சைப் புள்ளி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், வந்ததும் பூரித்துப் போனாள். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்குமே என்று ஒரு தடவைகூட அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்திருக்கும். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டாள். வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் வந்ததும் மகளுக்குக் கண் கட்டிப்போனது. சுவரைப் பிடித்தபடி நின்றாள். டாக்டரம்மா மின்விளக்கைப் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றும் தெரியவில்லை, செல்களை வைத்ததால் எதுவும் தெரிந்ததே இல்லை, சத்தத்தைக் கேட்டுத்தான் அழுத்தினார் என்றாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "நேத்துகூட நான் மெலிஞ்சுட்டேன்னு சொன்னீங்களே."

"பொண்ணைப் பெத்தவன் வேற என்னத்தைச் சொல்லுவான் பாப்பா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தேடி, மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்தாள். அப்பா தன் சேலையின் நிறத்தைச் சொன்னது, ஜன்னல் திறந்திருக்கிறது என்றது, விருந்தாளியின் நரைத்த தலையைக் கேலி செய்தது எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதையெல்லாம் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாளா, அவளும் இதில் கூட்டா என்று கேட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்து டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் உட்காரவில்லை.

"சரி, எனக்கு எப்ப பண்ணுவீங்க?" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எதைப் பற்றிக் கேட்கிறாய் என்றாள்.

"ஆபரேஷன். அப்பாவோடது முத்திப்போன கண்ணு, பிடிக்கல. என்னோடது அப்படி இல்ல. பகல்ல நல்லாவே தெரியுது. அடுத்த மாசம் நாள் குறிச்சிருக்குன்னு சர்ஜன் சொன்னார்."

"கேளு பாப்பா, நல்லாக் கேளு" என்றார் வக்கீல். அவர் முகத்தில் மறுபடி களை வந்துவிட்டது. அப்பீலுக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட முகம்.

டாக்டரம்மா மாறி மாறி இரண்டு பேரையும் பார்த்தாள். செல்கள் பிடிக்கவில்லை, மனிதக் கண்ணில் ஒன்றுகூடப் பிடித்ததற்கு இனிமேல் ஆதாரம் இல்லை, ஏன் பிடிக்கவில்லை என்று தெரிய இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ என்று எடுத்துச் சொன்னாள். மகள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வருஷம் தன்னிடம் இல்லை என்றாள். தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்ன ஆனாலும் யாரையும் கேட்க மாட்டேன் என்றாள். இரண்டு கண் வேண்டாம், ஒன்றில் வைத்துப் பாருங்கள் என்று பேரம்கூடப் பேசினாள்.

"உங்கப்பாவோட இடது கண்ணுலயும் மிச்சப் பார்வை இருக்கத்தான் செஞ்சது" என்றாள் டாக்டரம்மா. "அதுல உங்க முகம் தெரிஞ்சுக்கிட்டிருந்தது. நாங்கதான் அதை எடுத்துட்டோம். உங்களுக்கு நான் பண்ண மாட்டேன்."

மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, அவர் செருப்பைக் காலால் தேடி அவர் பக்கம் தள்ளிவிட்டாள். வாசலில் நிலைப்படி எங்கே என்று இரண்டு பேருமே தடவிப் பார்த்தார்கள். மகள் அங்கே நின்று திரும்பி, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாயிருக்கு. நீங்க சொல்லலாம்."

தாழ்வாரத்தில் அவர்கள் சுவரை ஒட்டி நடந்து போவதையும், திருப்பத்தில் தண்ணீர்த் தொட்டியில் மகள் இடித்துக்கொண்டு நிற்பதையும், வக்கீல் என்ன ஆச்சு என்று கேட்பதையும் டாக்டரம்மா நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.